20 பிட்சர் எடுத்தார்களாம், சரி, எங்கே அவர்கள்?

சிவப்புத்தொப்பி:
நம் பேஸ்பால் அணி ஏஞ்சல்ஸிடம் நல்ல பிட்சர், அதாவது பந்து வீசும் ஆள், இல்லை என்று நான் புலம்பியதற்கு நேற்று மைனர்மணி ஒன்று எழுதியிருந்தார்: "ஏஞ்சல்ஸ் பிட்சிங்கைக் கவனிக்கவில்லை என்பது வெறும் புலம்பல். 2021 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) எடுத்த 20 பேரும் பிட்சர்கள்." படித்ததிலிருந்து காபி இறங்கவில்லை. 2019 டிசம்பரில் முன்னணி பிட்சர் கெரிட் கோல் யாங்கீஸ் அணிக்குப் போனார். நம் ஆட்கள்? ரெண்டானுக்கு 7 ஆண்டுக்கு 24.5 கோடி டாலர். அவர் தேர்ட் பேஸ்மேன் ஐயா, ஃபீல்டர், பிட்சரே இல்லை! கூரை ஒழுகுகிறது, இவர்கள் வாசலுக்குத் தேக்குக் கதவு போடுகிறார்கள். அந்தக் கதவும் ஒரு சீசனில்கூட 60 ஆட்டம் ஆடவில்லை.

மைனர்மணி:
20க்கு 20. எண்ணிப் பாருங்கள். இதற்குப் பெயர் அலட்சியமா? கோலுக்கு யாங்கீஸ் கொடுத்தது 32.4 கோடி. நாம் கொடுத்திருந்தால் "காசைக் கொட்டினார்கள்" என்று முதலில் அழுபவர் நீங்கள்தான்.

சிவப்புத்தொப்பி:
எண்ணுவோம். முதல் ஆள் பாக்மன், 9வது தேர்வு. 2023இல் மேஜர் லீகுக்கு, அதாவது உச்சநிலைப் போட்டிக்கு வந்தார், தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டாம் சுற்றில் கை புஷ். பெயரிலேயே கை இருக்கிறது, அதையும் கொடுத்துவிட்டார்கள்! அவரையும் கேட்சர் குவேரோவையும் ஒயிட் சாக்ஸ் அணிக்கு அனுப்பி பிட்சர்கள் ஜியோலிட்டோ, லோபஸ் இருவரையும் வாங்கினார்கள். ஐந்தே வாரம். ஆகஸ்ட் கடைசியில் ஆடம்பர வரிக்கு (சம்பளச் செலவு வரம்பைத் தாண்டினால் கட்டுவது) பயந்து அந்த இருவரையும், கூடவே மேட் மூரையும் வேவர்ஸில், அதாவது வேண்டிய அணி எடுத்துக்கொள்ளலாம் என்ற பட்டியலில் போட, கிளீவ்லேண்ட் மூவரையும் சும்மா அள்ளிக்கொண்டு போனது.

பெவிலியன்பாலு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கிரிக்கெட்டில் ஐந்து பௌலரை வைத்தே உலகக் கோப்பை அடிக்கிறோம். இங்கே எதற்கு 20?

சிவப்புத்தொப்பி:
பாலு அண்ணே, ஆறு மாதத்தில் 162 ஆட்டம். ஸ்டார்ட்டர், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர், ஒருவர் வீசினால் குறைந்தது நான்கு நாள் கையைத் தொங்கப்போட வேண்டும். ஐந்தில் இரண்டு கை பழுதானால் ஆறாவது, ஏழாவது ஆள் வேண்டும். அதைத்தான் தொண்டை கிழியக் கத்துகிறேன்.

பெவிலியன்பாலு:
கேள்வி கேட்டால் பாடமா எடுப்பது? 'எறியாளர்' என்று தமிழில் எழுதக்கூட வரவில்லை, பிட்சராம்.

மைனர்மணி:
ஆறாவது ஆளுக்காகத்தான் 20க்கு 20. 11வது சுற்றில் எடுத்த சில்செத் மறு வருடமே மேஜருக்கு வந்தாரே, அது கண்ணில் படாதே. ஜியோலிட்டோ இங்கே 6 ஆட்டம் தொடங்கி ஒன்றுதான் ஜெயித்தார். அவரை வைத்துப் பூஜை செய்யவா?

சிவப்புத்தொப்பி:
ஆக, 20இல் ஒரு சில்செத். நன்றி. 2023 ஆகஸ்ட் 23, ரெட்ஸ் அணியோடு ஒரே நாளில் இரட்டை ஆட்டம், நம் ஊர் மைதானம் ஆனஹைமில் நான் இருந்தேன். முதல் ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸில் நம் நட்சத்திரம் ஒஹ்தானியே வீசி, ஒஹ்தானியே ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தார். இரண்டாவது இன்னிங்ஸில் பாதியிலேயே டக்அவுட்டுக்கு நடந்துவிட்டார். கையில் இருந்த நாச்சோஸில் சீஸ் கட்டியாகிவிட்டது, வாயில் வைக்கத் தோன்றவில்லை. அன்றிரவே தசைநார் கிழிந்த செய்தி. ஒரே ஆளின் முழங்கையில் ஒரு அணியையே தொங்கவிட்டார்கள். அவர் டாட்ஜர்ஸுக்குப் போன பிறகு 2024இல் 99 தோல்வி. உங்கள் 20 பேர் அப்போது எங்கே, பரணிலா?

மைனர்மணி:
20க்கு 20 என்பது பதிவில் உள்ள உண்மை. நாச்சோஸ் கதை இல்லை.

லெஃப்ட்ஃபீல்டுலதா:
இருவரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். போன வருடம் "ரெண்டான் 100 ஆட்டம் ஆடுவார், இல்லையென்றால் பிரியாணி என் செலவு" என்று பந்தயம் கட்டிய மணி சார் யார்?

மைனர்மணி:
காயம் கணக்கில் வராது என்று அப்போதே சொன்னேன்.

லெஃப்ட்ஃபீல்டுலதா:
சொல்லவில்லை. பதிவை எடுத்துப் போடட்டுமா?

சிவப்புத்தொப்பி:
போடுங்கள் லதா. பிரியாணியும் 20க்கு 20 மாதிரிதான், காகிதத்தில் மட்டும்.

மைனர்மணி:
பந்தயம் வேறு, டிராஃப்ட் வேறு. 20க்கு 20.

பெவிலியன்பாலு:
எறியாளர்.