இடதுபக்கம் மட்டுமா, ஒருக்களித்தால் போதுமா?

குடியாத்தம்_மருமகள்
எனக்கு 32 வாரம், முதல் குழந்தை. இடதுபக்கம் மட்டும்தான் படுக்கவேண்டும் என்கிறார் மாமியார். வலப்பக்கம் திரும்பினால் எழுப்பி உட்காரவைத்துத்தான் மறுபடி படுக்கவிடுகிறார், புரண்டால் கொடி சுற்றிக்கொள்ளுமாம். இந்தக் கத்திரி வெயிலில் ஒரே பக்கமாகக் கிடந்து இடுப்பு மரத்துப்போகிறது. வலப்பக்கம் படுத்தால் குழந்தைக்கு ரத்தம் போகாதா?

ஆற்காட்டு_அக்கா
பெரியவங்க சொல்வதைக் கேளும்மா, காரணம் இருக்கிறது. கால், இடுப்பிலிருந்து ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் பெரிய சிரை முதுகெலும்புக்கு வலதுபக்கம் ஓடுகிறது. கருப்பை கனத்த பிறகு வலது பக்கம் சாய்ந்தால் அதன்மேல்தான் பாரம். 2011-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் செய்த ஆய்விலும், இடதுபக்கம் தூங்கப்போனவர்களுக்கு வயிற்றிலேயே குழந்தை இறப்பது குறைவு என்றுதான் வந்தது.

காட்பாடிக்காரன்
அக்கா, அந்த ஆய்வின் எண்ணையும் சொல்லுங்கள். இடதுபக்கம் படுத்தவர்களில் ஆயிரத்துக்குச் சுமார் 2, மற்றவர்களில் சுமார் 4. அந்த 'மற்றவர்களில்' மல்லாந்து படுத்தவர்களும் சேர்த்தி. 2019-ல் ஐந்து ஆய்வுகளின் தரவை ஒன்றாக்கிப் பார்த்தார்கள். 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து தூங்கப்போனவர்களுக்கு ஆபத்து சுமார் 2.6 மடங்கு. வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பேரணாம்பட்டு_மாமா
எங்கள் பக்கம் பகலெல்லாம் பீடி சுற்றிவிட்டு, ராத்திரி மாடியில் பாய் போட்டு மல்லாந்தே தூங்கி ஆறேழு பெற்றார்கள். அதே 2019-ல் அமெரிக்காவில் 8,700 பேருக்கு மேல் பார்த்து, படுக்கும் விதத்துக்கும் கெடுதலுக்கும் தொடர்பில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். கர்ப்பிணித் தலைகாணி விற்கத்தான் இவ்வளவு பயமுறுத்தல்.

காட்பாடிக்காரன்
மாமா, அவர்கள் பார்த்தது 30 வாரம் வரைக்கும்தான். பயமே அதற்கு அப்புறம் வரும் வாரங்களைப் பற்றியது. ஆறேழு பெற்ற பாட்டிமாருக்கு எத்தனை தங்கவில்லை என்று யார் எழுதிவைத்தார்கள்? தலைகாணி விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். பழைய புடவையைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் வைத்தாலே போதும்.

சத்துவாச்சாரி_சிஸ்டர்
பிரசவ வார்டிலும் ஆபரேஷன் தியேட்டரிலும் இருந்து ஓய்வுபெற்றவள் நான். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டு மல்லாத்திப் படுக்கவைத்ததும் சிலருக்கு முகம் வெளுத்து, வியர்த்து, 'சிஸ்டர், வாந்தி வருது' என்பார்கள். பிரஷர் இறங்கியிருக்கும். மருந்து ஒரு காரணம், சிரை அமுங்குவது இன்னொன்று. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்தால் அங்கிருந்து வெளியே போவதும் குறையும், கருப்பைக்குப் போவதும் குறையும். அதனால்தான் மேசையை இடதுபக்கம் சுமார் 15 டிகிரி சாய்ப்பது வழக்கம். 2015-ல் ஜப்பானில் கர்ப்பிணிகளை எம்ஆர்ஐ-யில் சாய்த்துப் பார்த்தபோது 15 டிகிரியில் சிரை விரியவே இல்லை, 30-ல்தான் ஓரளவு விரிந்தது.

மல்லாந்து படுத்தால் எல்லோருக்கும் மயக்கம் வராது. முதுகெலும்பை ஒட்டிய சின்னச் சிரைகள் வழியாக ரத்தம் சுற்றிப் போய்விடும். ஆனால் தாய்க்கு ஒன்றும் தெரியவில்லை என்பதால் குழந்தைக்கும் ரத்தம் குறையவில்லை என்று சொல்லிவிட முடியாது, மாமா.

ஆற்காட்டு_அக்கா
அப்படியானால் தியேட்டரில் ஏன் இடதுபக்கமே சாய்க்கிறீர்கள்? வலதும் இடதும் ஒன்றுதானே, வலப்பக்கம் சாய்க்கவேண்டியதுதானே?

சத்துவாச்சாரி_சிஸ்டர்
நல்ல கேள்வி. மல்லாந்து கிடப்பவரைக் கொஞ்சம் சாய்க்கும்போது பாரம் முதுகெலும்பின் மேலேயேதான் இருக்கும். அப்போது சிரை எந்தப் பக்கம் என்பது கணக்கு. முழுதாக ஒருக்களித்துப் படுத்தால் வயிறே முன்னால் சரிந்து மெத்தையில் இறங்கிவிடும், எந்தப் பக்கமானாலும். வீட்டில் தூங்குகிறவருக்குத் தியேட்டர் கணக்கு எதற்கு?

கொடி விஷயம்: குழந்தை தண்ணீருக்குள் தானே சுழன்று சுற்றிக்கொள்வதுதான். தாய் புரள்வதால் அல்ல. படுக்கையிலிருந்து உட்கார்ந்து எழுவது தலைசுற்றல் வராமலிருக்க நல்லது, அதற்காகச் செய்யட்டும்.

ஆற்காட்டு_அக்கா
இடதில் கெடுதல் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லையே? அதையே சொல்லிவிட்டுப் போகலாம்.

காட்பாடிக்காரன்
கெடுதல் இதுதான் அக்கா: இந்தப் பெண் ராத்திரியெல்லாம் தூங்கவில்லை.

குடியாத்தம்_மருமகள்
நன்றி சிஸ்டர். தூங்கும்போது ஒருக்களித்துத்தான் படுக்கிறேன், நடுராத்திரி விழித்தால் மல்லாந்து கிடக்கிறேன். ஸ்கேன் அறையிலும் மல்லாந்து படுத்தால் படபடக்கிறது.

சத்துவாச்சாரி_சிஸ்டர்
விழித்தால் ஒருக்களித்துத் திரும்பிக்கொள், அவ்வளவுதான். அந்த ஆய்வுகள் கேட்டதும் தூங்கப்போகும்போது எப்படிப் படுத்தீர்கள் என்றுதான். ஸ்கேனில் படபடத்தால் பொறுத்துக்கொள்ளாதே, 'மயக்கமா இருக்கு, திரும்பிப் படுக்கிறேன்' என்று உடனே சொல். தியேட்டரானாலும் அப்படித்தான். ஆனால் ஒன்று: குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால், எந்தப் பக்கம் படுத்தோம் என்று யோசித்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடு, நடுராத்திரியானாலும் சரி.