லவ்டேல் பள்ளியை நிறுவியவர் ஹென்றி லாரன்ஸாம்! அவர் இறந்த தேதியை யாராவது பார்த்தீர்களா?

கேத்திக்காரன் | சனி, இரவு 11:40
போன வாரம் இங்கே சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டில் ஒரு கல்யாண விருந்து. என் மேசையில் இருந்தவர் ஊட்டி லவ்டேல் லாரன்ஸ் பள்ளியின் பழைய மாணவராம். சாப்பிட்டு முடிக்கும்வரை ஒரே பேச்சு. "1858ல் சர் ஹென்றி லாரன்ஸ் தன் கையால் நிறுவிய பள்ளி, இந்தியாவின் முதல் தனியார் ராணுவ உறைவிடப் பள்ளி" என்று மூன்று தடவை சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் பிறந்தது கேத்தி. மலை ரயிலில் எங்கள் ஊருக்கு அடுத்த ஸ்டேஷன்தான் லவ்டேல்.

ஆங்கிலேயப் படை அதிகாரியான ஹென்றி லாரன்ஸ் 1857 சிப்பாய்க் கிளர்ச்சியின்போது, ஜூலை 2 அன்று லக்னோ ரெசிடென்சியில் குண்டடி பட்டு, ஜூலை 4 அன்று இறந்தார். லவ்டேல் பள்ளி தொடங்கியது 1858 செப்டம்பர் 6. நடுவில் 14 மாதம். இறந்து 14 மாதம் ஆனவர் எப்படித் தன் கையால் பள்ளி நிறுவுவார்? யாராவது பதில் சொல்லுங்கள்.

பீஷான் ஓஎல் | ஞாயிறு, காலை 7:15
அந்த மேசையில் இருந்தவன் நான்தான். முகத்துக்கு நேரே சிரித்துப் பேசிவிட்டு வீட்டுக்குப் போய் இங்கே எழுதுவது என்ன பண்பு? எங்கள் பள்ளியில் வருடா வருடம் மே மாதம் நிறுவனர் விழா நடக்கிறது. யாருடைய பெயரில் நடக்கிறது? லாரன்ஸ் பெயரில். உங்களுக்கு வேறு நிறுவனர் தெரிந்தால் சொல்லுங்கள், விழாவை மாற்றச் சொல்கிறேன்.

கேத்திக்காரன் | ஞாயிறு, காலை 7:32
ஐயா, மேசையிலேயே சொன்னேன். நீங்கள் காதில் வாங்காமல் பாயசம் கேட்டீர்கள். விழா யார் பெயரில் நடக்கிறது என்று நான் கேட்கவில்லை. 1857 ஜூலை 4 அன்று இறந்தவர் 1858 செப்டம்பரில் எங்கே இருந்தார் என்றுதான் கேட்கிறேன்.

உட்லண்ட்ஸ் வாசுகி | ஞாயிறு, காலை 9:05
இருவருக்கும் வணக்கம். "தனியார்", "ராணுவம்" என்ற இரண்டு சொற்களைப் பற்றி முதலில் பேசலாமே. அது படைவீரர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ஆதரவு இல்லம். அப்போது அதன் பெயரே லாரன்ஸ் அசைலம். பிறகு லாரன்ஸ் மெமோரியல் ராயல் மிலிட்டரி ஸ்கூல் என்று ஆனது. 1949ல் பாதுகாப்பு அமைச்சிடமிருந்து கல்வி அமைச்சுக்குப் போனது. இதில் எந்தக் காலத்தைத் தனியார் என்கிறோம்?

பீஷான் ஓஎல் | ஞாயிறு, காலை 9:20
வாசுகி மேடம், அது பிறகு. முதலில் இந்த ஆள் எங்கள் நிறுவனரை மறுப்பதை நிறுத்தட்டும். லாரன்ஸும் மனைவி ஹொனோரியாவும் 1847ல் வடக்கே இமாச்சல மலையில் உள்ள சனாவரில் முதல் பள்ளியைத் தொடங்கினார்கள். 1856ல் அபு மலையில் இரண்டாவது. தெற்கேயும் ஒன்று வேண்டும் என்பது அவருடைய கனவு. சாகக் கிடந்தபோதும் அசைலத்தைக் கைவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் கண் மூடினார். அந்தச் சொல்லுக்காகத்தான் லவ்டேல் எழுந்தது. தாஜ்மகாலுக்கு ஷாஜகான் கல் சுமந்தாரா? கட்டியவர் என்று அவரைத்தானே சொல்கிறோம்?

கேத்திக்காரன் | ஞாயிறு, காலை 9:41
ஷாஜகான் உயிரோடு இருந்தார்.

மதுரையில் 1966ல் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கு 1978ல் காமராஜர் பெயரை வைத்தார்கள். அவர் 1975லேயே காலமாகிவிட்டார். அந்தப் பல்கலைக்கழகத்தைக் காமராஜர் தன் கையால் நிறுவினார் என்று எந்த மதுரைக்காரனாவது கல்யாண வீட்டில் சொல்வானா? நினைவாக வைத்தது வேறு, நிறுவியது வேறு. "மெமோரியல்" என்று உங்கள் பள்ளியின் பழைய பெயரிலேயே இருந்திருக்கிறது. உயிரோடு வந்து நிறுவியவருக்கா மெமோரியல் வைப்பார்கள்?

இன்னொன்று. சனாவர் 1847 என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அப்புறம் லவ்டேல் எப்படி "முதல்" பள்ளி?

அமராவதிநகர் 1981 | ஞாயிறு, காலை 10:10
இரண்டு பேரும் ராணுவப் பள்ளி, ராணுவப் பள்ளி என்கிறீர்கள். தமிழ்நாட்டில் ராணுவப் பள்ளி என்றால் உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற அமராவதிநகர் சைனிக் பள்ளிதான். கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது 1961ல் சைனிக் பள்ளித் திட்டம் வந்தது. அடுத்த வருடம் ஜூலையிலேயே எங்கள் பள்ளி தொடங்கிவிட்டது. விவசாயி மகனும் தேர்வு எழுதிச் சேரலாம். நான் அப்படிச் சேர்ந்தவன். வெள்ளைக்காரச் சிப்பாயின் பிள்ளைகளுக்காகத் திறந்த பள்ளியைத் தூக்கி வைத்துப் பேச எனக்கு ஒன்றுமில்லை.

பீஷான் ஓஎல் | ஞாயிறு, காலை 10:18
அணைக்கட்டு ஓரத்துப் பள்ளியையும் 1858ல் தொடங்கிய பள்ளியையும் ஒன்றாக வைக்காதீர்கள். எங்கள் கட்டடத்தை வடிவமைத்தவர் ராபர்ட் சிசோம். மெட்ராஸ் செனட் ஹவுஸை வடிவமைத்த அதே சிசோம். அந்த மணிக்கூண்டை ஒரு தடவை பார்த்திருந்தால் இப்படிப் பேசமாட்டீர்கள்.

அமராவதிநகர் 1981 | ஞாயிறு, காலை 10:25
மணிக்கூண்டு படைக்குப் போகாது சார். எங்கள் பையன்கள் போனார்கள். "அணைக்கட்டு ஓரம்" என்று எழுதியதற்கு மன்னிப்புக் கேளுங்கள்.

கேத்திக்காரன் | ஞாயிறு, காலை 11:50
கட்டடம் என்று எடுத்தாரே, நல்லது. இதை நான் பல வருடமாகச் சொல்லி வருகிறேன், யாரும் கேட்பதில்லை.

அந்தக் கட்டடத்தைச் சிசோம் காகிதத்தில் வரைந்தார். கல்லும் மண்ணும் சுமந்தது யார்? கைதிகள். அவர்களில் சீனர்கள் இருந்தார்கள். எங்கிருந்து வந்த சீனர்கள்? இங்கிருந்துதான்! நீரிணைக் குடியேற்றங்களின் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா) சிறைகளில் இடம் போதாமல் மெட்ராஸுக்குக் கப்பலேற்றப்பட்டவர்கள். அங்கிருந்து நீலகிரிக்குக் கொண்டுபோனார்கள். சிலரை நடுவட்டத்து சிங்கோனா தோட்டத்தில் விட்டார்கள். மலேரியாவுக்கு மருந்தான கொயினாவை அந்த மரத்துப் பட்டையிலிருந்துதான் எடுப்பார்கள். சிலரை லவ்டேல் கட்டட வேலைக்கு விட்டார்கள். 1860களில் ஒரு புயல் ராத்திரியில் சீனக் கைதிகள் 12 பேர் தப்பி ஓடினார்கள். ஆயுதம் ஏந்திய போலீஸ் மலை முழுக்கத் தேடியது. கடைசியில் மலபாரில்தான் பிடித்தார்கள். இதெல்லாம் 1908ல் வந்த நீலகிரி கெசட்டியரில், அதாவது அரசாங்கத்தின் மாவட்டக் குறிப்பு நூலில் இருக்கிறது.

விடுதலையான சீனர்கள் சிலர் நடுவட்டம் பக்கத்திலேயே தங்கி, தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு, தோட்டம் போட்டு, மாடு வளர்த்து வாழ்ந்தார்கள். நம்மூர்ச் சாமி கும்பிட்ட சீனப் பிள்ளைகள் எங்கள் மலையில் பிறந்தார்கள்.

அதே காலத்தில் எதிர்த்திசையில் என்ன நடந்தது? 1825லிருந்து இந்தியக் கைதிகளைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியது அவர்கள் கை. அந்தச் சுவரில் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு. இஸ்தானாவும் அவர்கள் உழைப்புதான். இங்கிருந்த சீனக் கைதி அங்கே போய் வெள்ளைக்காரனுக்குப் பள்ளிக்கூடம் கட்டினான். அங்கிருந்த நம் ஆள் இங்கே வந்து வெள்ளைக்காரனுக்குக் கோயில் கட்டினான். இந்த இரண்டு பேருக்கும் நிறுவனர் விழா கிடையாது. 1857 ஜூலை 4 அன்று செத்துப்போனவருக்கு மட்டும் உண்டு. என் எரிச்சல் இதுதான்.

பாசிர் லாபா | ஞாயிறு, பகல் 12:30
அண்ணே, கைதிகள் கதை உண்மையிலேயே பெரிய விஷயம். இங்கே 40 வருடம் இருக்கிறேன், தெரியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஊரிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் எந்த ராணுவப் பள்ளி பெரியது என்று அடித்துக்கொள்கிறீர்களே, இங்கே பிறந்தவனுக்கு அந்தத் தேர்வே கிடையாது. 1966ல் பாசிர் லாபாவில் சாஃப்டி என்ற ராணுவப் பயிற்சிக் கழகம் திறந்தது. 1967ல் தேசிய சேவை, அதாவது கட்டாய ராணுவ சேவை வந்தது. 18 வயதில் கூப்பிட்டால் பயிற்சிக்குத் தெக்கோங் தீவுக்குப் போகவேண்டும். அப்பா யார், என்ன பள்ளி என்று யாரும் கேட்கமாட்டார்கள். சில பேர் அதற்கு முன்னாலேயே பையனை ஊருக்கு அனுப்பி, மலை மேல் உறைவிடப் பள்ளியில் போட்டுவிடுகிறார்கள். அங்கே சீருடையில் படம் எடுத்து இங்கே எல்லாருக்கும் அனுப்புகிறார்கள். அதைப் பார்த்தால்தான் எனக்கு எரிச்சல்.

பீஷான் ஓஎல் | ஞாயிறு, பகல் 12:44
இது என்னைக் குத்துவதற்கு என்று தெரிகிறது. எனக்கு இரண்டும் பெண் பிள்ளைகள்.

கேத்திக்காரன் | ஞாயிறு, பகல் 12:50
பாசிர் லாபா தம்பி, "ஊரிலிருந்து வந்தவர்கள் எல்லாரும்" என்று எழுதாதீர்கள். என் மகன் போன வருடம்தான் தேசிய சேவையை முடித்து ஓஆர்டி ஆனான். தெக்கோங்கிலிருந்து முதல் வாரம் வீட்டுக்கு வந்தபோது தோலெல்லாம் உரிந்திருந்தது. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவன் அணிவகுத்த நாளில் நான் அழுதேன். அந்தக் குடும்பத்தைப் பார்த்து இப்படிச் சொல்லலாமா?

பாசிர் லாபா | ஞாயிறு, பகல் 1:02
உங்கள் மகனுக்கு என் சல்யூட். அதற்காக நான் சொன்னது பொய்யாகிவிடாது.

உட்லண்ட்ஸ் வாசுகி | ஞாயிறு, மாலை 4:15
மறுபடி நான். இந்தப் பள்ளியின் வரலாற்றில் நமக்குப் பெருமை தரும் இடம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. மெட்ராஸில் சிப்பாய்களின் அனாதைப் பையன்களுக்கு ஓர் இல்லம் இருந்தது. 1789ல் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் அதற்குப் பொறுப்பேற்றார். அங்கே உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். அதைத் தன் பையன்களுக்குக் கொண்டுவந்தார். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் சேர்த்தார். நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையேதான்! 1797ல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். அங்கே அதற்கு "மெட்ராஸ் முறை" என்றே பெயர். ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகள் அந்த முறையில் நாடெங்கும் நடந்தன. அந்த மெட்ராஸ் இல்லம்தான் 1870களில் லவ்டேலோடு சேர்ந்தது. ஆக, அந்தப் பள்ளியின் ஒரு வேர் மெட்ராஸ் மணலில் இருக்கிறது. நான் 22 வருடம் தமிழாசிரியராக இருக்கிறேன். மணலில் "அ" எழுதிய அந்தப் பிள்ளைகளின் கையை நினைக்காத நாள் இல்லை.

அமராவதிநகர் 1981 | ஞாயிறு, மாலை 4:40
அப்படியானால் பெல் நம்மிடமிருந்து திருடினார் என்று சொல்லுங்கள். "பார்த்தார்", "கொண்டுவந்தார்" என்று ஏன் மெழுகுகிறீர்கள்?

உட்லண்ட்ஸ் வாசுகி | ஞாயிறு, மாலை 4:52
மணலில் எழுதுவதை எங்கே பார்த்தார் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். மறைத்தால்தான் திருட்டு. என்னை மெழுகுகிறாய் என்று சொல்ல நீங்கள் யார்?

பீஷான் ஓஎல் | ஞாயிறு, இரவு 8:30
வாசுகி மேடம் சொன்னதைப் பாருங்கள். வேர் 1789 வரைக்கும் போகிறது! இந்தப் பள்ளியைத்தான் இவர்கள் சிறுமைப்படுத்துகிறார்கள். ஒன்பது வயதில் அம்மாவை விட்டு அந்த மலைக்குப் போனேன். முதல் ராத்திரி அழுதேன். பக்கத்துக் கட்டில் பையன் தன் போர்வையை எடுத்து என் மேல் போட்டான். அவன் இன்றைக்கும் என் நண்பன். லாரன்ஸ் என்ற ஒருவர் அனாதைப் பிள்ளைகளுக்காக ஏங்கியிருக்காவிட்டால் எனக்கு அது கிடைத்திருக்காது. லக்னோவில் அவர் கல்லறையில் என்ன எழுதியிருக்கிறது? தன் கடமையைச் செய்ய முயன்றவர் என்று மட்டும். அப்படிப்பட்டவரை நிறுவனர் என்று சொல்ல எனக்கு யார் அனுமதியும் வேண்டாம்.

கேத்திக்காரன் | ஞாயிறு, இரவு 9:05
உங்கள் போர்வைக் கதையை நான் மறுக்கவில்லை, அதைப் படித்ததும் எனக்கும் மனசு கனத்தது. லாரன்ஸ் நல்லவரா கெட்டவரா என்பதும் என் கேள்வி இல்லை. அவருடைய சனாவர் விதிகளில் கலப்பில்லாத ஐரோப்பியப் பெற்றோரின் பிள்ளைக்கே முன்னுரிமை என்று இருந்ததே, அதைப் பற்றிக்கூட இன்று நான் வாய் திறக்கவில்லை. "1858ல் வந்து தன் கையால் நிறுவினார்" என்று மேசையில் சொன்னீர்கள். அது தவறு என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள், போதும்.

பீஷான் ஓஎல் | ஞாயிறு, இரவு 9:11
நிறுவனர் சர் ஹென்றி லாரன்ஸ். ஆண்டு 1858. வரும் மே மாதம் விழாவுக்குப் போகிறேன். மணிக்கூண்டைப் படம் பிடித்து இங்கேயே போடுகிறேன்.

அமராவதிநகர் 1981 | ஞாயிறு, இரவு 9:15
அணைக்கட்டுக்கு இன்னும் மன்னிப்பு வரவில்லை.

கேத்திக்காரன் | ஞாயிறு, இரவு 9:26
தாராளமாகப் போய் வாருங்கள். ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் பாதையில் நடுவட்டம் வரும். கைதிகளை அடைத்துவைத்த சிறைக் கட்டடம் அங்கே இன்னும் நிற்கிறது. இறங்கி அதையும் ஒரு படம் எடுங்கள். நம் துறைமுகத்திலிருந்து கப்பலேறிப் போனவர்கள் படுத்த தரை அது.

தேதி 1857 ஜூலை 4. நாளைக்கும் இதையேதான் எழுதுவேன்.