மொரிஸ் மைனருக்கு கேஸ் ஷொக் போடலாமா? பின்பக்கம் தூக்கிப் போடுது

லிந்துலைக்காரன்:
என்னிடம் இருப்பது 1965 மைனர், 1098 சீசீ எஞ்சின், நாலு கதவு. மரக்கறி வியாபாரி ஒருவரிடம் வாங்கியது. தலவாக்கலையிலிருந்து நானுஓயா வரை தார் ரோட்டில் ஏதோ போகலாம். தோட்டத்து ரோட்டில் இறங்கிவிட்டால் பின்சீட்டில் அம்மா உட்காரவே மாட்டேன் என்கிறார். முன்பக்கம் வேறு குழி தாண்டியும் ஆடிக்கொண்டே வருகிறது. கராஜில், நாலு பக்கமும் கேஸ் ஷொக் (வாயு நிரப்பிய ஷொக் அப்சோர்பர்) போட்டு, ஸ்ப்ரிங்கும் புதுசாக மாற்றச் சொல்கிறார்கள். செய்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

பண்டாரவளை பையன்:
நான் பின்னால் மட்டும் டெலஸ்கோப்பிக் ஷொக் (குழாய் மாதிரி நீண்டு சுருங்குவது) போட்டிருக்கிறேன். வளைவில் நல்லா நிற்குது. ஆனால் குழியில் முன்னைவிடக் கடுமைதான்.

கொட்டகலை மைனர்:
தம்பி, இப்போதைக்குக் காசை எடுக்காதீங்க. பாரத்தைத் தாங்குவது ஸ்ப்ரிங். அது ஆடாமல் அடக்குவது ஷொக். உங்களுக்குப் பின்னால் தூக்கிப் போடுது, முன்னால் ஆடுது. இரண்டு நோய், ஒரே மருந்து சரிவராது.

மைனருக்கு முன்னால் சுருள் ஸ்ப்ரிங்கே கிடையாது, டோர்ஷன் பார்தான், அதாவது முறுகி ஸ்ப்ரிங் வேலை செய்கிற இரும்புக் கம்பி. இதில் இருக்கிற பழைய லீவர் ஷொக்கின் (எண்ணெய் உள்ள, கை வைத்த ஷொக்) கைதான் அங்கே சக்கரத்தைப் பிடிக்கிற மேல் ஆர்ம். அதைக் கழற்றி வீசிவிட்டு கேஸ் ஷொக் மாட்ட முடியாது. எந்த கிட் போட்டாலும் அந்த ஆர்மின் வேலையை ஒன்று செய்தாக வேண்டும். இதை உங்கள் கராஜ்காரரிடம் கேளுங்கள், பதில் சொல்கிற விதத்திலேயே ஆள் மைனர் பார்த்தவரா இல்லையா என்று தெரிந்துவிடும்.

மட்கார்டை அமுக்கி விடுங்கள். எழும்பி நின்றால் சரி. திரும்பத் திரும்ப ஆடினால் பெரும்பாலும் உள்ளே எண்ணெய் இல்லை. ஷொக்கின் மூடியைத் திறக்குமுன் சுற்றிலும் பிரஷ் போட்டுத் துடைக்க வேணும், மண் உள்ளே விழுந்தால் வால்வு போச்சு. ஷொக் எண்ணெய் கிடைக்காவிட்டால் மோட்டார் சைக்கிள் போர்க் எண்ணெய், 20 கிரேட். பிரேக் எண்ணெய் வேண்டவே வேண்டாம். ஷொக்கின் கை சுழலுகிற அச்சு வழியாகக் கசிந்தால் ஊற்றிப் பயனில்லை, ரீகண்டிஷன் பண்ணியதைத்தான் கொழும்பு பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடைகளில் தேட வேணும்.

அப்படியே ஜாக் வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ட்ரனியன் (முன்சக்கரம் திரும்புகிற மரை போட்ட மூட்டு) மரை தேய்ந்திருந்தால் சக்கரம் மடிந்து விழும். ரம்பொடை இறக்கத்தில் அது நடக்கக் கூடாது. ட்ரனியனுக்கு கிரீஸ் அடிப்பதற்குச் சோம்பல்பட்டவர்கள் இந்தக் காரை வைத்திருக்காமல் இருப்பதே நல்லது.

பின்னால் ஸ்ப்ரிங்கில் அடுக்கியிருக்கும் பட்டைகளை எண்ணிச் சொல்லுங்கள். 1098 சலூனுக்கு வழக்கமாக ஐந்து. ட்ராவலருக்கு, அதாவது மைனரின் வேகன் மாடலுக்கு, ஏழு. மரக்கறி ஏற்றிய கார் என்றதுமே எனக்குச் சந்தேகம்.

லிந்துலைக்காரன்:
அண்ணே, இரண்டு பக்கமும் எட்டு! ஒன்று மற்றதைவிடத் தடிப்பு, ஏதோ லொறிப் பட்டையை வெட்டிப் போட்ட மாதிரி. எல்லாம் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டியும் இருக்கு. முன்பக்கம் ஒரு ஷொக்கில் எண்ணெய் சுத்தமா இல்லை, கசிவும் இல்லை. ட்ரனியன் ஆடவில்லை.

கொட்டகலை மைனர்:
பாருங்கள்! கோவா மூட்டைக்குப் போட்ட ஸ்ப்ரிங் மேல் அம்மாவை உட்கார வைத்திருக்கிறீர்கள். அந்தத் தடிப்பானதைக் கட்டாயம் எடுங்கள். மீதி ஏழும் ட்ராவலர் செட்டாக இருக்கலாம். ஆள் மட்டும் ஏற்றுவதென்றால் சலூன் செட் ஒரு சோடி தேடுங்கள், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் கார் சாயும். அதுவரை ஏழையும் பிரித்து, கம்பி பிரஷ் போட்டு, மெல்லிசாக கிராஃபைட் கிரீஸ் தடவிச் சேர்க்கலாம். நடு போல்ட்டும் யூ போல்ட்டும் நீளம் மாறும், பார்த்து வாங்குங்கள். ரப்பர் புஷ் எல்லாம் புதுசு போடுங்கள், பெரிய செலவில்லை. கார் ஜாக்கில் தொங்கும்போது புஷ் நட்டை முறுக்கிவிடாதீங்க. நாலு சக்கரமும் தரையில் நின்ற பிறகுதான் கடைசி முறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் முறுகியபடியே நின்று சீக்கிரம் கிழியும்.

கேஸ் ஷொக் பற்றி அப்புறம் பேசலாம்.