மின்தடை ஒன்றாக இருந்தும் ஒரு காயில் கருகுகிறது: எத்தனை வாட் வைக்க வேண்டும்?

புதுத்திரி (கேள்வி):
வணக்கம். என் மின்சிகரெட்டில் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச் சுருளை, அதாவது காயிலை, ஆயத்தமாக வாங்குவதை விட்டுவிட்டு, கான்தால் என்ற இரும்பு, குரோமியம், அலுமினியக் கலப்புலோகக் கம்பியில் நானே சுற்றத் தொடங்கியிருக்கிறேன். முதலில் 26 கேஜ் கம்பியை 3 மில்லிமீட்டர் உள்விட்டத்தில் ஏழு சுற்றுச் சுற்றினேன். கருவி 0.9 ஓம் காட்டியது. 20 வாட்டில் சுவை நன்றாகவே இருந்தது. பிறகு 28 கேஜ் கம்பியில் நான்கே சுற்றில் அதே 0.9 ஓம் கிடைத்தது. ஆனால் அதே 20 வாட்டில் மூன்றாம் இழுப்பிலேயே கருகல் சுவை தொண்டையில் அடிக்கிறது. காயிலுக்குள் திரவத்தை ஊட்டும் பஞ்சும் மாறவில்லை, கிளிசரின் 70, புரோப்பிலீன் கிளைக்கால் 30 என்ற திரவக் கலவையும் மாறவில்லை. மின்தடை ஒன்றாக இருக்கும்போது வாட் அளவும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்?

மின்தடையன்:
இருக்க வேண்டியதில்லை. கருவி காட்டும் ஓம், குறிப்பிட்ட திறனுக்கு எத்தனை வோல்ட் தேவை என்பதைச் சொல்லுமே தவிர, அந்த வெப்பம் எவ்வளவு பரப்பின் வழியாகத் திரவத்துக்குள் இறங்குகிறது என்பதைச் சொல்லாது. 26 கேஜ் கான்தாலில் 0.9 ஓமுக்குச் சுருளின் இரு முனைகளில் நீளும் கால்களையும் சேர்த்து ஏறத்தாழ 80 மில்லிமீட்டர் கம்பி வேண்டும். அதன் புறப்பரப்பு 100 சதுர மில்லிமீட்டரை ஒட்டி வரும். 28 கேஜ் கம்பி மெல்லியது என்பதால் 50 மில்லிமீட்டரிலேயே அதே மின்தடை வந்துவிடுகிறது. பரப்போ 50 சதுர மில்லிமீட்டர்தான். ஆகவே 20 வாட் வைத்தால் முதல் காயிலில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 200 மில்லிவாட்டும், இரண்டாவதில் 400 மில்லிவாட்டும் விழுகின்றன. பொதுவாக 150 முதல் 250 வரையிலான அளவில்தான் பெரும்பாலோர் நிம்மதியாக இழுக்கிறார்கள். முதல் காயிலின் சூட்டையே இரண்டாவதிலும் விரும்பினால், அதற்கு 10 வாட் போதும்.

மெல்லிய காயிலில் உலோகத்தின் அளவும் பாதிக்கும் குறைவு. அதனால் பொத்தானை அழுத்தியவுடன் அது சூடேறிவிடும். தடித்த கம்பிக்குத் தேவைப்படும் கூடுதல் வாட் இதற்குத் தேவையில்லை.

கருகல் ஏன் திடீரென்று வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புரோப்பிலீன் கிளைக்காலின் கொதிநிலை 188 டிகிரி செல்சியஸ், கிளிசரினுடையது 290. பஞ்சு ஈரமாக இருக்கும்வரை, கொடுக்கும் வெப்பம் பெரும்பாலும் திரவத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகி, காயிலின் வெப்பநிலை கலவையின் கொதிநிலையை ஒட்டியே நிற்கும். ஈரம் தீர்ந்த கணத்தில் அந்தத் தடை நீங்கி வெப்பநிலை தாவி ஏறுகிறது. பஞ்சு கருகுகிறது, கிளிசரின் சிதைந்து அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுப் பொருள்கள் உருவாகின்றன. எனவே கருகல் சுவையைப் பொறுத்துக்கொண்டு தொடர்ந்து இழுக்கக் கூடாது.

வெண்பஞ்சு:
மேலே உள்ள கணக்கு சரிதான். ஆனால் பரப்பளவை மட்டும் வைத்து வாட்டை முடிவு செய்வதை நான் ஏற்பதில்லை. கேட்டவர் மூன்றாம் இழுப்பில் கருகுகிறது என்கிறார். அந்தக் குறிப்பை விட்டுவிடக் கூடாது. முதல் இழுப்பே கருகினால் கம்பியின் சூடு மிகுதி என்று கொள்ளலாம். இரண்டு இழுப்பு நன்றாக இருந்து மூன்றாவது கருகினால், செலவாகும் வேகத்துக்குத் திரவம் வந்து சேரவில்லை என்று பொருள். இழுப்புகளுக்கு இடையே அரை நிமிடம் விட்டுப் பாருங்கள். அப்போது கருகல் வராவிட்டால் குறை திரவ வரத்தில்தான் இருக்கிறது.

நான்கு சுற்றுக் காயில் தழுவியிருக்கும் பஞ்சு, ஏழு சுற்றுக் காயிலில் இருப்பதில் பாதிதான். அதில் தேங்கும் திரவமும் பாதிதான். போதாக்குறைக்கு உங்கள் கலவை கிளிசரின் மிகுந்தது, கெட்டியானது, திரியில் மெதுவாகவே ஏறும். பஞ்சைக் காயிலுக்குள் இழுக்கும்போது லேசான பிடிப்பு இருக்க வேண்டும், ஆனால் சுற்றுகள் வளைந்து நகரக் கூடாது. அதைவிட இறுக்கினால் திரவம் வரும் வழி அடைபடும். தளர்த்தினால் கம்பியின் சில பகுதிகள் பஞ்சைத் தொடாமல் வெறுமனே காயும். திரவத்தில் அமரும் பஞ்சின் வால்முனைகளைச் சற்று மெலிதாக்கிவிடுங்கள். 50க்கு 50 கலவையையும் ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

மின்தடையன்:
திரவ வரத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் 400 மில்லிவாட்டை எந்தப் பஞ்சும் நெடுநேரம் தாங்காது என்பதில் எனக்கு மாற்றமில்லை.

பழையகம்பி:
எந்தச் சோதனைக்கு முன்பும் பஞ்சை மாற்றுங்கள். ஒருமுறை கருகிய பஞ்சு 10 வாட்டிலும் கருகல் சுவையே தரும். அதை வைத்து வாட்டைத் தேடினால் சரியான அளவு ஒருபோதும் அகப்படாது. புதுப் பஞ்சு நன்றாக ஊறிய பிறகு 9 வாட்டில் தொடங்கி ஒவ்வொரு வாட்டாக ஏற்றுங்கள். ஆவி சூடாகி, சுவை மழுங்கத் தொடங்கும் இடத்திலிருந்து இரண்டு வாட் இறங்கி நின்றுவிடுங்கள். இனிப்பூட்டி கலந்த திரவமாக இருந்தால் காயிலில் கரிப்படலமும் படிந்திருக்கும். அந்தக் கருகலுக்கும் வாட்டுக்கும் தொடர்பில்லை.

புதுத்திரி:
மூவருக்கும் நன்றி. பஞ்சை மாற்றி 11 வாட்டில் வைத்தேன், கருகல் போய்விட்டது. ஆனால் ஆவி குறைவாக இருக்கிறது. வெப்பநிலைக் கட்டுப்பாட்டு முறையில் வைத்துக்கொண்டு வாட்டைக் கூட்டலாமா?

மின்தடையன்:
கான்தாலில் அது நடக்காது. சூடேறும்போது மின்தடை மாறுவதை அளந்துதான் கருவி வெப்பநிலையைக் கணிக்கிறது. கான்தாலின் மின்தடை சூட்டில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. அதற்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நிக்கல், டைட்டானியம் ஆகியவற்றில் ஒன்று வேண்டும். கூடுதல் ஆவிதான் நோக்கம் என்றால், 26 கேஜ் காயிலுக்கே திரும்புங்கள்; அல்லது இதே 28 கேஜ் காயில்கள் இரண்டை இணையாகப் பொருத்துங்கள். மின்தடை 0.45 ஓமாகும், பரப்பு 100 சதுர மில்லிமீட்டராகும். 20 வாட் மறுபடியும் பொருந்தும். ஆனால் வாட்டைக் கட்டுப்படுத்தாத எளிய கருவியில் இதைப் போடாதீர்கள்: முழுதாக மின்னேற்றிய 4.2 வோல்ட் மின்கலம் அந்த 0.45 ஓமில் 39 வாட்டைப் பாய்ச்சும். நீங்கள் தப்பித்து வந்த அதே 400 மில்லிவாட்டில் மீண்டும் போய் நிற்பீர்கள்.