நாலாவது தடவையும் என்கிளெக்ஸ் போச்சு. மறுபடி எப்படி உட்கார்ந்து படிப்பது?

முக்கூடல் சிஸ்டர்:

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் மெடிக்கல் வார்டு ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து ஏழு வருடம் ஆகிறது. அமெரிக்காவில் ஆர்.என்., அதாவது பதிவு பெற்ற நர்ஸாக வேலை பார்க்க எழுத வேண்டிய என்கிளெக்ஸ் ஆர்.என். தேர்வை நாலு தடவை எழுதிவிட்டேன். நாலும் தோல்வி.

எத்தனை கேள்வியில் நிறுத்துவது என்பதைக் கணினியே முடிவு செய்யும். முதல் தடவை 85 கேள்வியோடு நின்றது. அடுத்தது 97, அதற்கடுத்தது 112. போன மாதம் அதிகபட்சமான 150-ம் வந்தது. ஒவ்வொரு தடவையும் முந்தின ராத்திரி திருநெல்வேலி ஜங்ஷனில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் சென்னையில் இறங்கி, பரீட்சை எழுதிவிட்டு அன்று ராத்திரியே திரும்பி, மறுநாள் டூட்டிக்குப் போவேன். மூன்று தடவை என் சேமிப்பில் கட்டினேன். 200 டாலர் கட்டணம், வெளிநாட்டில் எழுதுவதற்கு இன்னொரு 150 டாலர். நாலாவதுக்கு அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கித் தந்தாள். அம்மா பீடி சுற்றுகிறவள், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலியில்தான் கடன் அடைகிறது. அதனால் தோற்றதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. 'ரிசல்ட் வரலம்மா' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வார்டில் நரம்பு கிடைக்காத நோயாளி என்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். டாக்டர்களும் என் ரிப்போர்ட்டை நம்புகிறார்கள். பரீட்சைக்குக் கணினித் திரை முன்னால் உட்கார்ந்தால் மட்டும் ஒன்றும் இல்லாதவளாகிவிடுகிறேன். நைட் டூட்டியில் மூன்று மணிக்கு மேல், நான் உண்மையில் நர்ஸ்தானா என்று தோன்றுகிறது.

நாலாயிரம் பயிற்சிக் கேள்விகளுக்கு மேல் போட்டாயிற்று. மறுபடி எழுத 45 நாள் இடைவெளி வேண்டுமே, அது அடுத்த வாரம் முடிகிறது. உடனே தேதி எடுக்கவா? பல தடவை தோற்றுப் பாஸான யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

அம்பை அக்கா:

தங்கச்சி, நான் அஞ்சாவது தடவை பாஸானவள். இப்போதைக்குத் தேதி எடுக்காதே. 45 நாள் என்பது குறைந்தபட்ச இடைவெளி, அதற்குள் எழுதியாக வேண்டும் என்ற கெடு இல்லை. நான் முதல் மூன்று தடவையும் கிடைத்த முதல் தேதியையே எடுத்தேன். படிப்பும் மாறவில்லை, முடிவும் மாறவில்லை.

தோற்றவர்களுக்கு ஒரு அறிக்கை வருமே, அதை எடுத்து வை. ஒவ்வொரு பிரிவிலும் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலா, பக்கத்திலா, கீழா என்று அதில் இருக்கும். எனக்கு மேனேஜ்மென்ட் ஆஃப் கேர், அதாவது யாரை முதலில் கவனிப்பது, எந்த வேலையை யாரிடம் கொடுப்பது என்ற பிரிவு, ஒவ்வொரு தடவையும் 'கீழே'. பிரிவுகளில் பெரியது அதுதான்.

ஏன் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. நம் வார்டில் இருபது நோயாளிக்கு ஒரு ஸ்டாஃப், ஒரு ஆயாம்மா, இரண்டு ஸ்டூடண்ட்ஸ். ஏதாவது என்றால் கை தானாக டூட்டி டாக்டருக்கு போன் போடும். அந்தத் தேர்வு கேட்பது வேறு ஆஸ்பத்திரி. அங்கே உனக்குக் கீழே எல்.பி.என். என்ற அடுத்த நிலை நர்ஸ் இருக்கிறார், உதவியாளர் இருக்கிறார், படுக்கைப் பக்கத்தில் எல்லாச் சாமானும் இருக்கிறது. நோயாளியை மதிப்பிடுவது, கற்றுக்கொடுப்பது, பலன் பார்ப்பது ஆகிய மூன்றையும் ஆர்.என். யாரிடமும் கொடுக்கக்கூடாது. நிலை சீராக உள்ளவர்களை எல்.பி.என்.னிடம் விடலாம். குளிப்பாட்டுவது, நடக்க வைப்பது, எவ்வளவு குடித்தார் எவ்வளவு சிறுநீர் போனது என்று அளப்பது உதவியாளருக்கு. இதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்வேன். ஆனாலும் விடையை என் வார்டுப் பழக்கம்தான் தேர்ந்தெடுத்தது.

அதற்கப்புறம் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன். இடப்பக்கம் 'வார்டில் நான் செய்வது', வலப்பக்கம் 'கேள்வி கேட்பது'. தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி. ஒரு நாளைக்கு 20 கேள்விதான். ஆனால் சரியாகப் போட்டதற்கும் சேர்த்து ஒவ்வொன்றின் விளக்கத்தையும் வாசித்தேன், அதற்கு இரண்டு மணி நேரம் ஆகும். இரண்டு வாரத்தில் இடப்பக்கம் முழுக்க 'டாக்டரைக் கூப்பிட்டேன்' என்றே நின்றது.

நைட் டூட்டி முடித்து வந்து படிக்காதே, தூங்கு. இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டு ஒரு மாதம் நைட் இல்லாமல் வாங்கப் பார்.

அப்புறம், அம்மாவிடம் சொல்லிவிடு. நான் மூன்று தடவை மறைத்தேன். புத்தகத்தைத் திறந்தால் முதலில் அந்தப் பொய்தான் ஞாபகம் வரும்.

வள்ளியூர் பிரதர்:

அக்கா சொன்னது எல்லாம் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நீங்கள் நாலும் ஒரே மாதிரித் தோல்வி என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படி இல்லை சிஸ்டர். விடை சரியாக இருந்தால் அடுத்தது கொஞ்சம் கடினமான கேள்வி, தப்பினால் கொஞ்சம் எளிது என்று கணினி உங்கள் அளவைத் தேடிக்கொண்டே போகும். 95 சதவீத உறுதி கிடைத்ததும் நிறுத்திவிடும். 85-ல் அது உறுதியாக 'கீழே' என்றது. போன மாதம் 149 கேள்வி கேட்டும் அதனால் முடிவு சொல்ல முடியவில்லை. கோட்டுக்கு மிக அருகில் இருந்திருக்கிறீர்கள்.

மூன்று கேஸ் ஸ்டடி (ஒரே நோயாளியைப் பற்றிய தொடர் கேள்விகள்), தலா ஆறு கேள்வி, கட்டாயம் வரும். 2023 ஏப்ரலில் இருந்து இந்த முறை. பல விடை கேட்கும் இடத்தில் பாதி தெரிந்தாலும் மதிப்பெண் உண்டு, அதை விடாதீர்கள். எந்த மாநிலம் வழியாக விண்ணப்பித்தீர்கள் என்றும் பாருங்கள். புளோரிடா என்றால் மூன்று தோல்விக்குப் பிறகு ஒரு பயிற்சி முடித்தால்தான் மறுபடி எழுத விடுவார்கள்.

களக்காடு கலா:

நான் மூன்றோடு நிறுத்தினேன். தமிழக அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் எம்.ஆர்.பி. தேர்வு எழுதி இப்போது அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறேன். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பிரசவத்துக்கு வருகிறவர்கள் பேர் சொல்லி என்னைத் தேடுகிறார்கள். நீ எழுதுவதானால் எழுது. நிறுத்துவதானாலும் நீ நர்ஸ் இல்லை என்று ஆகிவிடாது தங்கச்சி.

முக்கூடல் சிஸ்டர்:

எல்லோருக்கும் நன்றி. கலாக்கா, உங்கள் வரியை நைட்டில் இரண்டு தடவை வாசித்தேன். பிரதர், என் மாநிலத்தில் அந்த நிபந்தனை இல்லை, பார்த்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சுளவை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அதுல என்னதான் கேக்காவ, ஒண்ணு சொல்லு" என்றாள். பரீட்சையில் வந்ததை வெளியில் சொல்லக்கூடாது, அதனால் அன்று காலையில் நான் தப்பாகப் போட்ட பயிற்சிக் கேள்வி ஒன்றைச் சொன்னேன். இதயம் பலவீனமான ஒரு பாட்டி, படுத்திருக்கும்போது மூச்சு முட்டுகிறது, நர்ஸ் முதலில் என்ன செய்ய வேண்டும்? நான் டாக்டருக்குத் தகவல் என்று போட்டிருந்தேன்.

அம்மா நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "படுத்துக்கிட்டு முட்டுதுன்னா மொதல்ல தூக்கி உக்கார வைக்கணும்லா. ஒன் தாத்தாவுக்கு நான் அப்படித்தான செய்வேன்" என்றாள்.

விடை அதுதான். கட்டிலின் தலைமாட்டை உயர்த்த வேண்டும்.

நோட்டு வாங்கிவிட்டேன் அக்கா. முதல் வரி அந்தப் பாட்டிதான். தேதி எடுக்கவில்லை. அடுத்த மாதம் நைட் இல்லாமல் போட இன்சார்ஜ் சம்மதித்திருக்கிறார்கள். மேனேஜ்மென்ட் ஆஃப் கேர் எனக்கும் 'கீழே'தான். எல்.பி.என்.னுக்கு எந்த நோயாளியைக் கொடுப்பது என்பதில் இன்னும் குழப்பம் இருக்கிறது. நாளைக்கு நாலைந்து கேள்வியைத் தனியாக எழுதிப் போடுகிறேன், நேரம் இருந்தால் பாருங்கள்.