ஒரே நிரல் மூன்று தளங்களிலும் ஓடுமா?

கூடல்மணி: "பழைய செருகுநிரல் முறையான என்பிஏபிஐ ஒழிந்ததோடு உலாவி நீட்சிகளின் இயங்குதளத் தொல்லையும் ஒழிந்தது, நீட்சி கணினியிலுள்ள நிரலோடு செய்தி பரிமாறும் நேட்டிவ் மெசேஜிங்கில் ஒருமுறை எழுதினால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்" என்று பொன்னி நேற்று எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. லினக்ஸில் ஒழுங்காக ஓடும் என் சி நிரல், விண்டோஸில் சரியாகப் பத்து பைட் நீளமுள்ள பதிலை அனுப்பினால் உறைந்துவிடுகிறது. செய்திக்கு முன்னால் போகும் நான்கு பைட் நீளக் குறிப்பில் உள்ள 10ஐப் புதுவரிக் குறியீடு என்று கொண்டு, விண்டோஸின் சி நூலகம் அதற்கு முன் ஒரு 13ஐச் சேர்க்கிறது. குரோம் அதை 2573 (13 + 10×256) என்று படித்து, வராத பைட்டுகளுக்காகக் காத்துக் கிடக்கிறது.

பொன்னி: வெளியீட்டை, பைட்டுகளை மாற்றாமல் அனுப்பும் பைனரி முறைக்கு மாற்றும்படி குரோமின் ஆவணமே சொல்கிறது. ஒரு வரி வேலை அது. படிக்காதது உங்கள் தவறு. என்பிஏபிஐ காலத்தில் விண்டோஸுக்கு டிஎல்எல் கோப்பு, லினக்ஸுக்கு எஸ்ஓ கோப்பு, அதிலும் 32 பிட், 64 பிட் என்று தனித்தனியாகக் கட்டிக்கொடுத்தவள் நான்.

கூடல்மணி: அந்த ஒரு வரி விண்டோஸுக்கு மட்டும் தேவை என்றால், "ஒருமுறை எழுதினால் போதும்" என்பது பொய். பத்து மட்டுமல்ல, 266 பைட்டிலும் இதே கதிதான், அந்த நீளக் குறிப்பின் முதல் பைட்டும் 10தான்.

வரப்போரம்: இருவரும் பத்து பைட்டிலேயே நிற்கிறீர்கள். நிரல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் கோப்பின் இடத்தை விண்டோஸில் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் எழுத வேண்டும். லினக்ஸில் அந்தக் கோப்பை வைக்க குரோமுக்கு ஒரு கோப்புறை, அதன் திறமூல வடிவமான குரோமியத்துக்கு வேறொன்று. உபுண்டு லினக்ஸ் 22.04இல் ஃபயர்பாக்ஸ், செயலியைத் தனியே அடைத்துவைக்கும் ஸ்னாப் பொதியாக வந்தபோது வெளியே உள்ள நிரலைத் தொடங்கவே முடியவில்லை.

பொன்னி: ஸ்னாப் உபுண்டு எடுத்த முடிவு, அதற்கு நான் பொறுப்பல்ல. 2017இல் ஃபயர்பாக்ஸ் 57 பழைய நீட்சிகளை நிறுத்தியபோதும் நீங்கள் இருவரும் என் மீதே பாய்ந்தீர்கள். நான் மறக்கவில்லை.

கூடல்மணி: பழங்கணக்கு வேண்டாம். நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

வரப்போரம்: அன்று என் நீட்சியை இழந்தவன் நான், பாய்ந்தது நியாயமே.

பொன்னி: பதில் முதலிலேயே தந்தாயிற்று. ஒரு வரி.

கூடல்மணி: அதே ஒரு வரி லினக்ஸில் தொகுக்கும்போது பிழை காட்டுகிறது, அதைச் சுற்றி நிபந்தனை போட வேண்டியிருக்கிறது. ஆக மூன்று வரி, இரண்டு தளம். முதலில் அந்தக் கூற்றைத் திரும்பப் பெறுங்கள்.

பொன்னி: பெற மாட்டேன்.