பழைய உள்ளாட்சி அலுவலகத்தை இடிப்பதா, இடம் மாற்றுவதா: நேரில் கண்டதை எழுதுங்கள் (ஒவ்வொரு பகுதியின் தலைப்பும் அதை எழுதியவரின் புனைபெயர்)

கட்டமைப்பு ஆய்வு

மூன்று மாடி, காங்கிரீட் சட்டகம், வயது அறுபதுக்கு மேல். மன்றக் கூட்டத்தில் வைத்த அறிக்கை ஒரே பக்கம்தான்: ரீபவுண்ட் ஹேமர் (மேற்பரப்பைத் தட்டித் துள்ளலை அளக்கும் கருவி) அளவுகள் நன்று, கட்டடம் பத்திரம். ஹேமர் வைத்த தூணிலேயே கவரை (கம்பியை மூடிய மேல் காங்கிரீட்டை) கொத்தி எடுத்து, புதிதாக உடைந்த முகத்தில், காரம் இருந்தால் சிவக்கும் ஃபீனால்ப்தலீன் தெளித்தார்கள். இளஞ்சிவப்பு வரவேண்டிய இடம் சாம்பலாகவே நின்றது. கம்பியைத் தாண்டி உள்ளேயும் நிறம் வரவில்லை. அந்தச் சாம்பல் முகம் இன்னும் உறுத்துகிறது. ஏனென்றால் ஹேமரில் நல்ல எண் வந்ததற்கும் கம்பிக்கு ஆபத்து வந்ததற்கும் காரணம் ஒன்றே.

காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு காங்கிரீட்டில் இறங்கி சுண்ணாம்பைக் கார்பனேட் ஆக்குகிறது, இதுதான் கார்பனேற்றம். மேல்தோல் கெட்டிப்படுவதால் ஹேமர் அதிகமாகத் துள்ளும், எண் உயரும். அதே மாற்றம் காரத்தன்மையை இறக்கிவிடுவதால் கம்பியைக் காத்த படலம் போய்விடும். அதனால் பழைய கட்டடத்தில் ஹேமர் அளவை மட்டும் வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

தெளிப்பதிலும் முறை உண்டு. ஆல்கஹாலில் 1% கரைசல். முகம் அப்போதுதான் உடைத்ததாக இருக்கவேண்டும், தூசியை ஊதித் தள்ளியிருக்கவேண்டும். துளை போட்ட தூள் ஒட்டியிருந்தால் அதுவே பொய்யாகச் சிவக்கும். நிறம் மாறும் ஆழத்தைக் கவர் அளவோடு ஒப்பிடுங்கள். ஆழம் ஏறத்தாழ காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் வளரும்: 25 ஆண்டில் 20 மி.மீ. என்றால் 100 ஆண்டில் 40 மி.மீ. இந்தக் கணக்கை வைத்து இன்னும் எவ்வளவு காலம் மிச்சம் என்று மன்றத்தில் சொல்லிவிடலாம். அந்த ஒரு பக்க அறிக்கையில் இதில் ஒரு வரிகூட இல்லை.

பழைய காங்கிரீட்

மேலே எழுதியவரோடு பாதிதான் உடன்படுகிறேன். கார்பனேற்றம் கம்பியைத் தாண்டிவிட்டது என்றால் துருப்பிடித்துவிட்டது என்று பொருளல்ல. துருவுக்கு ஈரமும் ஆக்சிஜனும் வேண்டும். கார்பனேற்றம் வேகமாக நடப்பது 50 முதல் 70% ஈரப்பதத்தில், அதாவது காய்ந்த உள்ளறைகளில். அங்கே கம்பி பல பத்தாண்டுகள் சும்மா இருக்கும். வெளிச்சுவர், கழிவறைக் குழாய்த்தடம், மொட்டை மாடி வடிகாலுக்குக் கீழுள்ள உத்தரம், சன்ஷேடு: துரு தேடவேண்டிய இடங்கள் இவைதாம். சன்ஷேடு பெயர்ந்து விழுந்த படத்தைக் காட்டி முழுக் கட்டடத்தையும் இடிக்கச் சொல்வது, ஹேமர் எண்ணைக் காட்டி பத்திரம் என்பதைப் போலவே ஆதாரமற்ற பேச்சு.

என்னை உறுத்துவது வேறொரு காட்சி. கோர் (காங்கிரீட்டைத் துளைத்து எடுக்கும் உருளை மாதிரி) அறிக்கையில் ஒரு வரிக்குக் கீழே சிவப்புக் கோடு: "75 சதவீதத்துக்குக் கீழ், தோல்வி." அந்தக் கோட்டை வைத்தே இடிக்கத் தீர்மானம் போட்டார்கள். மூன்று கோர்களின் சராசரி குறித்த வலிமையில் 85%, தனித்தனியே எதுவும் 75%க்குக் குறையக் கூடாது என்பது, புதிதாக ஊற்றிய காங்கிரீட்டை ஒப்பந்ததாரரிடமிருந்து ஏற்பதற்கான விதி. அறுபது ஆண்டு நின்ற தூணுக்கு அது அளவுகோல் அல்ல. அங்கே செய்யவேண்டியது: அளந்த வலிமை, ஸ்கேன் செய்து கண்ட கம்பி, இன்று உண்மையில் இருக்கும் சுமை, இந்த மூன்றையும் வைத்து மறுகணக்கு. பழைய வரைபடத்தில் இருக்கும் கம்பியை அப்படியே நம்பாதீர்கள்.

கோர் எடுத்த இடத்தையும் கேளுங்கள். தூணின் உச்சியில் எடுத்தால் அளவு குறைவாகத்தான் வரும். ஊற்றும்போது தண்ணீர் மேலே ஏறி அங்கே காங்கிரீட் இலேசாகிவிடும். விட்டம் ஜல்லியின் பெரிய அளவைப்போல மூன்று மடங்காவது வேண்டும், 100 மி.மீ. என்றால் நல்லது. உள்ளே கம்பி வெட்டுப்பட்டிருந்தால் அந்தக் கோரை ஒதுக்கிவிட வேண்டும். ஹாஃப் செல் (கம்பி அரிக்கிறதா என்று மின்னழுத்தம் பார்க்கும் சோதனை) எடுப்பவர்கள் பெயின்ட்டைச் சுரண்டி, மேற்பரப்பை நனைத்து, கம்பிகளுக்குள் மின்தொடர்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்கவேண்டும். தாமிர சல்பேட் மின்வாய்க்கு −350 மில்லிவோல்ட்டை விட எதிர்ப்பக்கம் போனால் அரிப்பு நடப்பதற்கு 90%க்கு மேல் வாய்ப்பு என்று படிப்பார்கள். அது வாய்ப்புதான், வேகம் அல்ல. வேகத்தைச் சொல்லாத எண்ணை வைத்து "ஐந்து ஆண்டில் விழும்" என்று மன்றத்தில் பேசக் கூடாது.

நிலநடுக்கத்தைக் காட்டி இடிக்கச் சொல்பவர்களுக்கும் ஒன்று. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 1894இல் முடிந்த நகர, கவுண்டி அலுவலகக் கட்டடத்தின் அடியில் 1989 வாக்கில் நில அதிர்வைத் தணிக்கும் ரப்பர் தாங்கிகளைச் செருகி, நின்ற இடத்திலேயே காப்பாற்றினார்கள். ஜப்பானின் ககாவாவில் கட்டடக் கலைஞர் கென்சோ தாங்கே 1958இல் கட்டிய மாகாண அலுவலகத்துக்கும் 2019இல் அதே வகைப் பணி முடிந்தது. இரண்டும் இன்னும் அலுவலகங்களே.

ஆவண அறை

கட்டடத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள். உள்ளே இருப்பது பிறப்பு, இறப்புப் பதிவேடுகள், சொத்துவரிப் பேரேடுகள், கட்டட அனுமதி வரைபடங்கள். இவற்றில் பலவற்றுக்கு இரண்டாம் படி கிடையாது.

புதிய அலுவலகம் திறந்தாயிற்று. பின்சுவரை ஒட்டிய அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பிறப்புப் பதிவேட்டை உருவியபோது, தோல் முதுகெங்கும் வெள்ளைப் பூஞ்சை. பழைய கட்டடத்தின் ஒழுகும் கூரைக்குக் கீழே இத்தனை காலம் தப்பித்த பதிவேடு, புத்தம்புதுக் கட்டடத்தில் கெட்டது. காரணம் தரைப்பூச்சு. சிமென்ட் பூச்சு நல்ல காற்றோட்டத்தில் நாளுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. கனம் என்ற வேகத்தில்தான் உலரும், 50 மி.மீ.க்கு மேல் இன்னும் மெதுவாக. அடித்தளக் காங்கிரீட்டுக்குத் தனிக் கணக்கு. திறப்பு விழாத் தேதிக்காக அதன் மேல் வினைல் ஒட்டி, அலமாரியைச் சுவரோடு சேர்த்துவிட்டால் ஈரம் போக ஒரே வழி காகிதம்தான்.

தரையில் ஈரப்பதமானியை மூடிய பெட்டியோடு ஒட்டவைத்து, அளவு 75%க்குக் கீழ் வந்து நிலைத்த பிறகே விரிப்பு போடவேண்டும். அலமாரிக்கும் வெளிச்சுவருக்கும் இடையே இடைவெளி விடவேண்டும், கீழ்த்தட்டு தரையிலிருந்து 150 மி.மீ. உயரத்தில் இருக்கவேண்டும். ஆவணங்கள் கடைசியாகத்தான் போகவேண்டும். பெரும்பாலும் முதலில் அனுப்பிவிடுகிறார்கள், பழைய கட்டடத்தைச் சீக்கிரம் காலிசெய்து காட்டுவதற்காக.

அடுத்தது சுமை. சாதாரண அலுவலகத் தளத்தைச் சதுர மீட்டருக்கு 2.5 முதல் 4 கிலோநியூட்டன் வரை கணக்கிட்டுக் கட்டுவார்கள். காகிதம் ஒரு மீட்டர் தட்டுக்கு 30 முதல் 50 கிலோ. நகரும் அலமாரி வைத்தால் நடைபாதையும் காகிதமாகிவிடும், சுமை ஏறத்தாழ இரட்டிப்பு. அதைத் தரைத்தளத்தில் வையுங்கள், அல்லது வரைபட நிலையிலேயே சொல்லிவிடுங்கள். கட்டி முடித்த பிறகு மூன்றாம் மாடியில் இடம் ஒதுக்கினால் அது ஆவண அறை ஆகாது.

இடிப்புப் பணி மேற்பார்வை

தரைத்தளத் தளத்தை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள், வெளியே நடைபாதையில் சாலைக்கு இணையாக ஒரு விரிசல் ஓடுகிறது. பேஸ்மென்ட் உள்ள எந்தப் பழைய அலுவலகத்திலும் இது நடக்கலாம். பேஸ்மென்ட் சுவர் வெளிமண்ணைத் தாங்குவது தன் பலத்தால் மட்டும் அல்ல, தலைமாட்டில் அந்தத் தளம் முட்டாக நிற்பதால். தளத்தை எடுத்தால் சுவர் உள்ளே சாயும், சாலை பின்னாலேயே வரும். முட்டுக் கொடுத்துவிட்டோ, உட்புறம் மண் நிரப்பிவிட்டோதான் தளத்தில் கைவைக்கவேண்டும். மேலே மழைநீர்க் குழாய் உடைந்திருந்தால் மண்ணின் அழுத்தம் இன்னும் கூடும்.

யாரும் கேட்கவில்லை என்றாலும், இடிக்க முடிவெடுத்த மன்றங்களுக்குச் சிலவற்றைச் சொல்லியே ஆகவேண்டும்.

முதலில் கேபிள். இத்தகைய கட்டடம் தனக்காக மட்டும் இயங்குவதில்லை. போக்குவரத்து விளக்கு, கண்காணிப்புக் கேமரா, தெருவிளக்குக் கட்டுப்பாடு, வெள்ள எச்சரிக்கை ஒலி என்று ஊரின் பாதி ஃபைபர் அதன் பேஸ்மென்ட் ரேக் (கேபிள்களை இணைக்கும் சட்டகம்) வழியாகப் போகும். மின் இணைப்பைத் துண்டித்த மறுநிமிடம்தான் அது தெரியவருகிறது. ஒவ்வொரு கேபிளுக்கும் எங்கிருந்து எங்கே, யாருடையது என்று சீட்டுக் கட்டி, மாற்றுப்பாதையில் ஓடவிட்டுப் பார்த்த பிறகே பழையதை வெட்டவேண்டும். கூரையில் செல்பேசி ஆன்டெனா இருந்தால் அதன் வாடகை ஒப்பந்தத்தில் காலிசெய்ய எவ்வளவு கால அறிவிப்பு என்று பாருங்கள். இடிப்புத் தேதியே அதனால் தள்ளிப்போகும்.

இரண்டாவது நச்சுப் பொருள்கள். சாதாரண ஆஸ்பெஸ்டாஸ் ஆய்வு போதாது. சுவரைத் துளைத்து, ஃபால்ஸ் சீலிங்கைப் பிரித்துப் பார்க்கும் இடிப்புக்கு முந்தைய ஆய்வு வேண்டும். கூரைத் தகடு எல்லோர் கண்ணுக்கும் தெரியும். உத்தரத்தில் தெளித்த தீத்தடுப்புப் பூச்சு, கொதிகலன் குழாயின் உறை, பழைய தரை ஓட்டுக்குக் கீழுள்ள கறுப்புத் தார்ப்பசை ஆகியவை தெரியாது. தெளித்த பூச்சுதான் மிகக் கொடியது, கைபட்டாலே இழை பறக்கும். நனைத்து, உள்ளழுத்தம் குறைந்த கூடாரத்துக்குள் எடுத்து, இரட்டைப் பையில் கட்டவேண்டும். எழுபதுகள் வரையிலான ட்யூப்லைட் சோக்குகளிலும் ஜன்னல் இணைப்புப் பசையிலும் பி.சி.பி. என்ற நச்சு வேதிப்பொருள் இருக்கலாம். ட்யூப்களில் பாதரசம், பழைய அயனி வகைப் புகை உணரியில் கதிரியக்கமுள்ள அமெரிசியம் 241, ஏ.சி.யில் குளிர்பதன வாயு. இவை ஒவ்வொன்றும் தனித்தனி வழியில் போகவேண்டியவை, கலவை இடிபாட்டோடு அல்ல.

மூன்றாவது, எல்லோரும் மறப்பது: நில அளவைக் குறி. பழைய அலுவலகங்களின் அடிச்சுவரில் மட்டக்குறி பதித்திருப்பார்கள். சுற்றுவட்டார வடிகால்களின் மட்டமெல்லாம் அதிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். சுவர் விழுமுன் அதை அருகிலுள்ள வேறு நிலையான இடத்துக்கு மாற்றிப் பதியுங்கள்.

கவுண்டர் கணக்கு

பழைய காங்கிரீட் எழுதியவரே, தாங்கிகளும் தாங்கேயும் சரி. ஆனால் கட்டடம் நிற்குமா என்பது ஒரு கேள்வி, அலுவலகம் அங்கேயே இருக்கவேண்டுமா என்பது வேறு கேள்வி. ஒன்றுக்கான விடையை மற்றதற்கும் போட்டுவிடுகிறார்கள். குராஷிகியில் தாங்கே 1960இல் கட்டிய நகர மண்டபம் 1983இல் கலைக்கூடம் ஆனது. அலுவலகம் போனது, கட்டடம் நின்றது. டோக்கியோவில் அவரே 1957இல் கட்டிய மாநகர அலுவலகம் 1991இல் ஷின்ஜுகுவுக்குப் போனதும் பழையதை இடித்தார்கள்.

உறுத்தும் காட்சி: புதிய அலுவலக வாசலில், மூடிய கவுண்டர் முன்னால், சான்றிதழுக்கு வந்த ஒரு முதியவர். அவர் வந்து சேரும்போது டோக்கன் நேரம் முடிந்துவிட்டது. திட்ட அறிக்கையில் புதிய இடத்தைச் சுற்றி வட்டம் போட்டு, இத்தனை பேர் அருகில் என்று காட்டியிருந்தார்கள். மக்கள் வட்டத்தில் வருவதில்லை, பேருந்தில் வருகிறார்கள். அளக்கவேண்டியது பயண நேரம். வேலைநாள் காலையில், வண்டி மாறும் காத்திருப்பும் வாசலிலிருந்து நடப்பதும் சேர்த்து. அதை யாருக்கு அளப்பது என்பதற்கு டோக்கன் இயந்திரப் பதிவே போதும்: எந்தச் சேவைக்கு, எந்த நாளில், எந்தப் பகுதியிலிருந்து. பெரும்பாலும் மூன்று நான்கு சேவைகள்தான் பாதிக் கூட்டத்தை இழுக்கும். அந்தக் கவுண்டர்களை மட்டும் பழைய இடத்தில் வைத்துக்கொண்டு, மேசைப் பணியைத் தொலைவுக்கு அனுப்பலாம். இந்த வாய்ப்பைத் தீர்மானங்களில் அரிதாகவே பார்க்கமுடிகிறது.

செலவு ஒப்பீட்டில் ஒரே ஓட்டை திரும்பத் திரும்ப வருகிறது. பழுதுபார்க்கும் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதுவார்கள்: லிஃப்ட், மின்கம்பி, ஜன்னல், கழிவறை. புதிய கட்டடப் பக்கத்தில் கட்டுமானச் செலவு மட்டும் இருக்கும். தளவாடம், ஃபைபர் மாற்றம், இடைக்கால வாடகை, ஆவணப் போக்குவரத்து, நச்சுப்பொருள் அகற்றம், இடிப்பு எதுவும் இருக்காது. இடைக்கால இடத்துக்குப் போய்த் திரும்புவதென்றால் இரண்டு முறை இடம்பெயர்வு, இரண்டு முறை ரேக் அமைப்பு. இரண்டு பக்கத்துக்கும் ஒரே தலைப்புகள், ஒரே ஆண்டுகள் என்று கட்டாயமாக்குங்கள். வாடகைக் கட்டடம் என்றால் ஒப்பந்தம் முடியும் ஆண்டையும் எழுதுங்கள். லண்டன் மேயர் அலுவலகம் 2002இல் தேம்ஸ் கரையில் திறந்த சிட்டி ஹால் சொந்தக் கட்டடமல்ல. வாடகைச் செலவைக் குறைக்க இருபது ஆண்டுக்குள் கிழக்கு லண்டனின் ராயல் டாக்ஸுக்கு மாறவேண்டி வந்தது.

கட்டமைப்பு ஆய்வு

பழைய காங்கிரீட் சொன்ன ஈரம் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் நடைமுறையில் கவனம் வேண்டும்: உள்ளறை காய்ந்திருப்பது கூரை ஒழுகாதவரைதான். பராமரிப்பை நிறுத்திவிட்டு விவாதத்தை ஆண்டுக்கணக்கில் இழுத்தால், காய்ந்த தூணும் ஈரத்தூண் ஆகும். கார்பனேற்றம் ஏற்கெனவே கம்பியைத் தாண்டியிருப்பதால் துரு உடனே தொடங்கும். துரு இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை எடுத்துக்கொள்ளும், கவர் வெடிக்கும்.

எனவே எந்த முடிவு வரும் என்று தெரியாதபோதும் செய்யவேண்டிய குறைந்தபட்ச வேலை: மொட்டை மாடி வடிகால் வாய்களை மழைக்கு முன் சுத்தம் செய்வது, வெடிப்புள்ள நீர்த்தடுப்புப் பூச்சை ஒட்டுவது, கழிவறைக் குழாய்த்தடத்தின் கசிவை அடைப்பது, பெயரத் தயாராக இருக்கும் சன்ஷேடுக் காங்கிரீட்டைத் தட்டி இறக்கி, கீழே ஆள் நடக்காமல் தடுப்புப் போடுவது. ஆள் நடமாட்டம் உள்ள கட்டடத்தில் சன்ஷேடைத் தட்டி இறக்குவதையும் தடுப்புப் போடுவதையும் தீர்மானம் வரும்வரை தள்ளிவைக்க வழியே இல்லை.